சீனியும் எங்கள் கீரைப் பாத்தியும்



சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, வாளியோடு பின்வளவுக்கு இறங்கினால் எங்களுக்கு முன்னால் ஒருத்தி போய்க்கொண்டிருப்பாள். சீனி, எங்கள் வீட்டுப் பூனை. கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றினால் கத்தரிக்குப் பக்கத்தில் இருப்பாள். பயற்றைப் பந்தலுக்குப் போனால் அங்கும் வருவாள். களை பிடுங்கும்போது கிணற்றுக்கட்டில் ஏறி இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் வராத நாளில் வளவே வெறிச்சென்று கிடக்கும்.

2022ஆம் ஆண்டை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கேஸ் வரிசை, பெற்றோல் வரிசை. வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமையும் லீவு கொடுத்த காலம். நாங்களும் அப்போதுதான் வளவில் மண்வெட்டி போட்டோம். கரையோர மணல், மாட்டெருவும் உக்கிய இலையும் கொட்டிக் கொட்டித்தான் நாலு கன்று எழும்பியது. அதே நாட்களில் பாடசாலை வாசலில் யாரோ ஒரு உரப்பையில் மூன்று பூனைக்குட்டிகளை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கண் திறந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். இரண்டு மறுநாளே செத்துப்போயின. மிஞ்சியவள்தான் சீனி.

அவள் வளர்ந்த பிறகு தக்காளியிலும் மரவள்ளியிலும் எலி கடிப்பது குறைந்தது உண்மை. ஆனால் அவள் எலி மட்டும் பிடிக்கிறாள் என்று சொன்னால் அது பொய். ஓணானையும் பிடிப்பாள், அணிலையும் விரட்டுவாள். புதிதாகக் கீரை விதைத்த பாத்தியை இரவோடு இரவாகக் கிண்டி அசிங்கப்படுத்தியும் வைப்பாள். இளக்கிய மண் என்றால் பூனைக்கு அது மலசலகூடம். மூன்று முறை கீரை விதை வீணான பிறகு, பக்கத்து வளவில் இருந்து ஒரு யோசனை வந்தது: “ஏன் கஷ்டப்படுறீங்க? மீன் சந்தையில கொண்டுபோய் விட்டுட்டு வாங்க.”

உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மீன் சந்தையில் சாப்பாட்டுக்கு என்ன பஞ்சம்?

அந்தக் கிழமைதான் ஆறாம் வகுப்பில் உயிரினங்களிடம் இரக்கம் காட்டுவது பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை எல்லாப் பிள்ளைகளும் ஒப்புவித்தார்கள். ஒரு பிள்ளை எழும்பிச் சர்வசாதாரணமாகச் சொன்னது: “சேர், எங்கட ஊட்டயும் நாலு குட்டி. வாப்பா பேக்குல போட்டு சந்தைக்குக் கொண்டுபோய் விட்டுட்டாரு.” பிள்ளையின் முகத்தில் கவலையும் இல்லை, வெட்கமும் இல்லை. நாங்கள் பதில் சொல்லாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டோம். வீட்டில் அதே யோசனையோடு இருந்த நாங்கள் என்ன சொல்வது?

இதைத்தான் எல்லோரும் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அந்தப் பெண் உணவும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. “நாம அவிழ்த்து விட்டுட்டோம்தானே, அது தேடித் தின்னும்” என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். தேடித் தின்ன ஒரு குட்டிக்கு யார் கற்றுக்கொடுத்தது? பூனைக்குட்டி வேட்டையைத் தாயிடம் பார்த்துப் படிக்கிறது. பால்குடி மறக்காத குட்டியைச் சந்தையில் விட்டால், அங்குள்ள பெரிய பூனைக்கும் நாய்க்கும் ஓட்டோச் சக்கரத்துக்கும் இடையில் அது எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? பட்டினி போடுகிறோம், ஆனால் எங்கள் கண் முன்னால் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

தோட்டம் பாழாகிறது என்பது நியாயமான முறைப்பாடு. அதற்கு வழி இருக்கிறது. நாங்கள் விதைத்த பாத்தியின் மேல் தேசிக்காய் முள்ளுக் கிளைகளைப் பரப்பினோம். கன்றுகளைச் சுற்றித் தென்னம்மட்டையை அடுக்கினோம். வேலியோரத்தில் ஒரு மூலையை வெறும் மணலாக அவளுக்கென்று விட்டோம். இரண்டு கிழமையில் அங்கே போகப் பழகிவிட்டாள். பூனை மலத்தில் நோய்க்கிருமி இருக்கலாம், அது கர்ப்பிணிகளின் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. ஆகவே அந்த மணலைக் கர்ப்பிணிப் பெண்கள் தொடக் கூடாது. மற்றவர்கள் அள்ளினாலும் கையுறை போட்டு அள்ளிப் புதைக்க வேண்டும். வல்லாரை போலப் பச்சையாகச் சாப்பிடுவதை நன்றாகக் கழுவ வேண்டும். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விசர்நோய் நாயால் மட்டும் வருவதில்லை.

எலிக்கு விஷம் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விஷம் தின்ற எலி பெரும்பாலும் உடனே சாவதில்லை, சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் பூனையும் சாகக்கூடும். உங்கள் வளவில் வைத்த விஷத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளை அழக்கூடும்.

ஆனால் அடிப்படைப் பிரச்சினை குட்டிகளின் தொகை. ஒரு பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்பட்டுவிடும், இரண்டு மாதத்தில் ஈனும். சீனி நாலு குட்டி போட்டாள். மூன்றுக்கு வீடு தேடிக் கொடுப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒன்று எங்களோடே இருக்கிறது. பிறகு கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய் சீனிக்குக் கருத்தடை செய்தோம். இது கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தேவை இருந்து, விலங்குக்குத் தீங்கு வராவிட்டால் செய்யலாம் என்போர் பலர். உங்களுக்கு நம்பிக்கையான மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமலே சந்தையில் கொண்டுபோய் விடுகிறோமே, அது கூடுமா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

செலவு எல்லோராலும் தாங்க முடியாதது. அதனால்தான் இதைத் தனி வீட்டுப் பிரச்சினையாக விடக் கூடாது. இரத்ததான முகாமும் கண் பரிசோதனையும் நடத்தும் நம் ஊரில், பள்ளி நிர்வாகமும் பழைய மாணவர்களும் சேர்ந்து கால்நடை வைத்தியரை அழைத்து, ஆண்டுக்கு ஒரு நாள் பூனைகளுக்குக் கருத்தடையும் விசர்நோய்த் தடுப்பூசியும் போட முடியாதா? கழகங்களில் இருப்பவர்கள் எங்களோடு கதையுங்கள். இடம் ஒழுங்கு செய்வது எங்கள் பொறுப்பு.

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. ஊர் சேர்ந்து ஒரு பதில் சொன்னால் நல்லது.