சம்பா கோதுமைக்கு வணிகர் செய்ய வேண்டியது



"சம்பா கோதுமை ரவை இருக்கிறதா?" என்று கேட்டு வரும் வாடிக்கையாளர் நம் எல்லோருக்கும் உண்டு. கேட்பவருக்கு நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

உண்மையான சம்பா கோதுமை, எம்மர் என்னும் பழைய இனம். மகாராஷ்டிரத்தில் கப்லி என்பர். அடித்தாலும் உமி எளிதில் நீங்காது; நெல்லைப் போல் உமி நீக்கியே எடுக்க வேண்டும். இந்தக் கூலியால்தான் விலை கூடுகிறது. ஆட்டா அரைக்கும் கோதுமைக்கு 42 குரோமோசோம்கள். சம்பாவுக்கு 28 மட்டுமே. இரண்டையும் ஒட்டினால் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகும். அத்திபூத்தாற்போல் சில மணிகளே தேறும்.

அந்தச் சில மணிகள் உலகுக்குச் சோறு போட்டிருக்கின்றன. 1916-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் மெக்ஃபேடன் என்பவர் எம்மரையும் ரொட்டிக் கோதுமையையும் ஒட்டினார். அதில் கிடைத்த 'ஹோப்' ரகத்தின் துருநோய் எதிர்ப்புக் குணம் பிற்காலத்தில் பல நாட்டுக் கோதுமைகளுக்குச் சென்றது. 1998-இல் உகாண்டாவில் கொடிய தண்டுத் துருநோய் தலைகாட்டியது. அதைத் தாங்கும் மரபணுக்களில் ஒன்று நமது கப்லியிலும் இருக்கிறது.

நீலகிரி வெலிங்டனிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம், உயரமாக வளர்ந்து சாயும் பழைய கப்லியைக் குட்டையாக்கி எச்.டபிள்யூ. 1098 ரகத்தைத் தந்தது. தார்வாடு வேளாண் பல்கலைக்கழகமும் டி.டி.கே. ரகங்களைத் தந்துள்ளது. விதை இருக்கிறது, விற்பனை இருந்தால்தான் விவசாயி விதைப்பான்.

இங்கேதான் நம் பொறுப்பு வருகிறது. ஒருமுறை நமது மண்டிக்கு 'சம்பா' என்று சீட்டு ஒட்டி வந்த மூட்டைகளில் பாதி, நீள மணியுள்ள சாதாரணக் கோதுமை. நம்பி விற்றோம். நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தபோது தலைகுனிந்தோம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்; போன பெயர் உடனே திரும்பவில்லை.

ஆகவே கொள்முதலின்போது ரகத்தைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குவோம். விலை மிகக் குறைந்தால் சந்தேகப்படுவோம். கோதுமைப் புரதமான குளூட்டன் இதிலும் உண்டு. அது ஒவ்வாதவர்களிடம் "இது ஒன்றும் செய்யாது" என்று சொல்லி விற்க வேண்டாம்.

கலப்படச் சரக்கு மலிவாகப் போனால் அசல் விளைவித்தவன் அடுத்த ஆண்டு வேறு பயிருக்குப் போய்விடுவான். ஆராய்ச்சி நிலையத்தில் விதை பத்திரமாக இருக்கும், வயலில் இருக்காது. அதை வயலில் வைத்திருப்பது நம் தராசுதான்.