தவறு உங்கள் நிரலில்தானா?

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் சி++ மொழியில் ஒரு சிறிய கணினி விளையாட்டை உருவாக்க முனைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படத்தையும் ஒலியையும் கையாள எஸ்.எஃப்.எம்.எல். என்ற இலவச நிரல் நூலகத்தைப் பதிவிறக்கம் செய்து சேர்க்கிறீர்கள். உங்கள் நிரலில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை. ஆனாலும், திரை முழுவதும் பிழைச் செய்திகள். “எனக்கு நிரலாக்கம் வராது” என்று கணினியை மூடிவிடாதீர்கள்! தவறு வேறு இடத்தில் இருக்கலாம்.

நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது தொகுப்பி, அதாவது கம்பைலர். மாற்றிய துண்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது இணைப்பி. விண்டோஸில் இரண்டு தொகுப்பிகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஒன்று மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++. மற்றொன்று மின்ஜிடபிள்யூ தொகுதியில் வரும் ஜி.சி.சி. மொழி ஒன்றுதான். ஆனால், செயற்கூறுகளின் பெயர்களைக் கோப்பில் பதியும் முறை வேறு. விஷுவல் சி++ பதியும் பெயர் கேள்விக்குறியில் தொடங்கும், ஜி.சி.சி. பதியும் பெயர் அடிக்கோட்டிலும் ‘இசட்’ எழுத்திலும் தொடங்கும். ஒன்றுக்காகத் தயாரித்த நூலகத்தை மற்றொன்றில் சேர்த்தால், தேடும் பெயர் கிடைக்காமல் இணைப்பி நின்றுவிடும்.

இது தொல்லையல்ல, பாதுகாப்பு என்பேன். ஏனெனில், வேறுபாடு பெயரோடு முடிவதில்லை. ‘லாங் டபுள்’ என்ற எண் வகைக்கு 64-பிட் விண்டோஸில் விஷுவல் சி++ 8 பைட் ஒதுக்குகிறது, ஜி.சி.சி. 16 பைட் ஒதுக்குகிறது. ஒன்று எழுதிய எண்ணை மற்றொன்று படித்தால் விடை தவறிவிடும். எச்சரிக்காமல் தவறான விடை தரும் நிரலைவிட, ஓட மறுக்கும் நிரலே மேல்.

ஆகவே, நூலகத்தைச் சேர்க்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள். எந்தத் தொகுப்பி, எந்தப் பதிப்பு? 32-பிட்டா, 64-பிட்டா? பிழைதேடும் ‘டீபக்’ வகையா, இறுதி ‘ரிலீஸ்’ வகையா? விஷுவல் ஸ்டூடியோ 2015 முதல் 2022 வரையிலான பதிப்புகளில் தொகுத்த நூலகங்களை, அவற்றுள் ஆகப் புதிய பதிப்பின் இணைப்பியைக் கொண்டு சேர்க்கலாம். 2013இல் தொகுத்த சி++ நூலகத்தை அவற்றோடு சேர்ப்பது பாதுகாப்பானதன்று. எஸ்.எஃப்.எம்.எல். தளத்திலேயே ஒவ்வொரு தொகுப்பிக்கும் தனித்தனிக் கோப்புகள் உள்ளன. பொருந்தும் கோப்பு இல்லையென்றால், மூல நிரலை எடுத்து உங்கள் தொகுப்பியாலேயே தொகுத்துக்கொள்ளுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால், அதுவே நம்பகமான வழி.

அறிவியல் கூடத்தில் என்னென்ன கருவிகளைப் பயன்படுத்தினோம் என்று எழுதாத சோதனை அறிக்கையை ஆசிரியர் ஏற்பாரா? கணினிக் கழகங்களிலும் அந்தப் பழக்கம் வர வேண்டும். மொழியின் விதிகளைக் கற்பிக்கும் அளவுக்குக் கருவிகளைப் பற்றியும் கற்பிக்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல், அடுத்த திட்டப்பணியின் முதல் பக்கத்தில் அந்த மூன்று விவரங்களையும் நீங்களே எழுதி வையுங்கள். உங்கள் நிரலை நாளை எடுத்து ஓட்டப்போகும் நண்பர் நன்றி சொல்வார்.