303ஆம் பிரிவைத் திருத்துங்கள்: இலங்கைப் பெண்களின் கோரிக்கைச் சாசனம்

தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு 1883ஆம் ஆண்டு ஆங்கிலேயர் எழுதியது. தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் வேறெதற்காகக் கருவைக் கலைத்தாலும் மூன்று ஆண்டு வரை சிறை. சிசு அசையத் தொடங்கியிருந்தால் ஏழு ஆண்டு வரை. எழுதியவர்கள் தங்கள் நாட்டில் 1967இலேயே சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். இங்கே அது அப்படியே கிடக்கிறது.

முதலாவது, பாலியல் வல்லுறவாலோ இரத்த உறவினராலோ கருவுற்றவருக்கும், பிறந்தால் பிழைக்காது என்று ஸ்கானில் உறுதியான சிசுவைச் சுமப்பவருக்கும் கருக்கலைப்பை இவ்வருடமே சட்டபூர்வமாக்குங்கள். புதிதாக ஆராய எதுவுமில்லை. 1995இல் திருத்தம் பாராளுமன்றம் வரை வந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. 2017இல் அமைச்சரவை வரை வந்தது. மதத் தலைவர்கள் எதிர்த்ததும் கிடப்பில் போடப்பட்டது. இன்னொரு குழு வேண்டாம், வாக்கெடுப்பு வேண்டும்.

வல்லுறவு வழக்கின் தீர்ப்பைக் காட்டினால்தான் சிகிச்சை என்ற நிபந்தனை புதிய சட்டத்தில் நுழையக் கூடாது. இது எங்கள் இரண்டாவது கோரிக்கை. இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. நம் நீதிமன்றங்களில் இவ்வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. தீர்ப்பு வரும்போது பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். பாதிக்கப்பட்டவர் வைத்தியரிடம் சொல்லும் வாக்குமூலமே போதும். 16 வயதுக்குக் குறைந்த சிறுமிக்கு அதுவும் தேவையில்லை, வயதே சான்றாகட்டும்.

அடுத்து, கருவைக் கலைத்த பெண்ணைக் குற்றவாளியாக்கும் விளக்கத்தை 303ஆம் பிரிவிலிருந்து நீக்குங்கள். அதற்கு முன்பே, நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு: இரத்தப்போக்குடன் வாட்டுக்கு வருபவரிடம் பொலிஸ் விசாரணை கூடாது என்று எல்லா அரச வைத்தியசாலைகளுக்கும் சுகாதார அமைச்சு எழுதட்டும். பொலிஸுக்குப் பயந்து வீட்டிலேயே கிடப்பவள்தான் நச்சுக் காய்ச்சலில் சாகிறாள். காசுள்ளவள் விமானம் ஏறிவிடுவாள். இச்சட்டம் அவளை ஒருநாளும் தொட்டதில்லை.

சேவை கொழும்போடு நின்றுவிடக் கூடாது. மலையகத் தோட்டத்துப் பெண்ணும் முல்லைத்தீவுப் பெண்ணும் தம் மாவட்ட வைத்தியசாலையிலேயே, தமிழிலேயே பேசிச் சிகிச்சை பெற வேண்டும். மனச்சாட்சி இடம்தராத வைத்தியர் விலகிக்கொள்ளலாம். அன்றே வேறொருவரிடம் அனுப்புவது அவர் கடமை.

கடைசியாக, பிக்குவும் ஆயரும் மௌலவியும் குருக்களும் தம் அடியாருக்குப் போதிக்கட்டும். சட்டமூலத்தை நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கத்தோலிக்கர் பெரும்பான்மையான அயர்லாந்து 2018இல் வாக்களித்துத் தடையை நீக்கியது. பாப்பரசர் பிரான்சிஸ் பிறந்த ஆர்ஜென்டினாவில், ஆயர்கள் எதிர்த்தும், 2020 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. அங்கே தேவாலயங்கள் இன்றும் திறந்தேயிருக்கின்றன.

சட்டமூலம் சபைக்கு வரும் திகதியை நீதி அமைச்சு மூன்று மொழிகளிலும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாக்கெடுப்பைப் பெயர் கூப்பிட்டு நடத்துங்கள். யார் எப்பக்கம் கைதூக்கினார் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும்.