மாங்காய் கற்பிக்கும் பாடம்

ஆங்கிலச் சொற்களைக் கண்டால் நம்மில் பலருக்கு ஓர் அச்சம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்றுவிட்டு, கல்லூரிக்கு வந்ததும் ஆங்கிலப் பாடநூலைக் கையில் ஏந்தும் மாணவர் படும் பாடு அவரவருக்கே வெளிச்சம். வீட்டில் கேட்டுத் தெளியவும் வழியில்லை. என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் தாய் மாம்பழச்சாலையில் தள்ளுவண்டியில் பழம் விற்பவர். ஆதலால் எங்கள் இருவருக்கும் நன்கு பழகிய ஓர் ஆங்கிலச் சொல்லையே இக்கட்டுரைக்கு எடுத்துக்கொள்கிறேன். அதுதான் 'மேங்கோ'.

முதலில் விளையாட்டாகவே தொடங்குவோம். எம், ஏ, என், ஜி, ஓ என்னும் ஐந்து எழுத்துகளையும் இடம் மாற்றி அடுக்கினால் 'அமங்' என்றொரு சொல் கிடைக்கிறது. 'நடுவே', 'இடையே' என்பது அதன் பொருள். இவ்வாறு எழுத்துகளை மாற்றி வேறு சொல் காண்பதை ஆங்கிலத்தில் 'அனகிராம்' என்பர். நமக்கும் இத்தகைய ஆட்டம் புதிதன்று. 'வாசி' என்பதைத் திருப்பினால் 'சிவா'. எழுத்துகளை வைத்து ஆடும் சித்திரகவிகளுக்குத் தண்டியலங்காரம் இலக்கணமே வகுத்திருக்கிறது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார்.

ஆனால் 'மேங்கோ'வுக்கும் 'அமங்' என்பதற்கும் உறவு உண்டா? எள்ளளவும் இல்லை. வேதியியலில் மாற்றியங்கள் என்று படிக்கிறோம் அல்லவா? இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்ஸிஜன். இவற்றை ஒரு விதமாக இணைத்தால் எத்தனால், வேறு விதமாக இணைத்தால் டைமெத்தில் ஈதர். அறை வெப்பநிலையில் முன்னது திரவம், பின்னது வாயு. அணுக்கள் அவையே என்பதால் பொருளும் அதுவே ஆகிவிடுமா? சொல்லின் உறவை அறிய எழுத்தைக் குலுக்கிப் பயனில்லை. அது வந்த வழியைத் தேடிச் செல்ல வேண்டும்.

'மேங்கோ' வந்த வழி இது: 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார். அவருக்குப் பின்னால் வந்த போர்த்துகீசிய வணிகர்கள் அங்கே கண்ட கனியை 'மங்கா' என்று தம் மொழியில் வழங்கினர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்து, நாளடைவில் 'மேங்கோ' ஆயிற்று. 1753இல் லின்னேயஸ் மாமரத்துக்கு அறிவியல் பெயரிட்டபோதும் அதையே எடுத்துக்கொண்டார். 'மாஞ்சிஃபெரா இண்டிகா' என்று நாங்கள் வகுப்பில் உருப்போடும் பெயருக்கு 'மாங்காயைத் தாங்குவது, இந்தியாவுக்கு உரியது' என்பதற்குமேல் பொருளில்லை!

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நாம் மாவடு, மாங்காய், மாம்பழம் என்று பருவத்துக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். அதுவும் காயின் பெயர். அக்காலத்தில் பழம் நெடுங்கடலைக் கடந்து அழுகாமல் இங்கிலாந்து போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தது ஊறுகாய்தான். ஆகவே அங்கே வெள்ளரி முதலியவற்றில் மசாலா அடைத்துப் போட்ட ஊறுகாயையும் 'மேங்கோ' என்றார்கள். அமெரிக்காவின் சில பகுதிகளில் குடமிளகாய்க்கே அப்பெயர் வழங்கியிருக்கிறது.

இதைக் கேட்டவுடன், 'பார்த்தீர்களா, ஆங்கிலமே தமிழிலிருந்து வந்ததுதான்' என்று மேசையைத் தட்டும் நண்பர்கள் உண்டு. அவர்களுடன் என்னால் உடன்பட இயலவில்லை. போர்த்துகீசியர் முதலில் இறங்கியது மலையாளக் கரை. எனவே அவர்கள் காதில் விழுந்தது 'மாங்ங' என்னும் மலையாளச் சொல்லாக இருப்பதே பொருத்தம். நம் 'மாங்காய்' அதன் உடன்பிறப்பு. அந்த அளவில் மகிழ்வதே நேர்மை.

'கேஷ்' என்பதும் நம் 'காசு' என்பர். இதில் பாதிதான் உண்மை. சென்னை மாகாணத்தில் 1818 வரை பகோடா, பணம், காசு என்று நாணயங்கள் புழங்கின. அந்தச் சிறு நாணயத்தைக் குறித்த 'கேஷ்' நம் காசிலிருந்து போர்த்துகீசியர் வழியே சென்றதுதான். ஆனால் ரொக்கம் என்ற பொருளில் உலகெங்கும் வழங்கும் 'கேஷ்', பெட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. ஒலி ஒன்று, பிறப்பு வேறு. ஒத்திருப்பதையெல்லாம் உறவென்று கொண்டாடுவது அறிவியல் மாணவருக்கு அழகன்று.

சான்றோடு பெருமைப்படவும் நம் ஊரிலேயே இடமுண்டு. 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல் நம் சுருட்டுதான். திண்டுக்கல் பகுதிப் புகையிலையைக் கொண்டு உறையூரில் சுற்றிய சுருட்டு கடல் கடந்து புகழ்பெற்றது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில் கொலையாளி விட்டுச்சென்ற சாம்பலைக் கண்டு, 'இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு' என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். புகைப்பது கேடு, எனினும் சொல்லின் வரலாறு வரலாறுதானே!

நான் சொல்லவந்த கருத்துக்கு இப்போது வருகிறேன். என்னோடு சேர்ந்த நண்பன் ஒருவன் முதற்பருவத் தேர்வோடு படிப்பை விட்டுவிட்டான். அவன் விவசாயியின் மகன். இலையைத் தொட்டே செடியின் பெயரைச் சொல்வான். செடிகள் அவனை விரட்டவில்லை. செடிகளின் ஆங்கிலப் பெயர்களே விரட்டின. 'போட்டோசிந்தசிஸ்' என்பதில் 'போட்டோ' என்றால் ஒளி, 'சிந்தசிஸ்' என்றால் சேர்க்கை என்று யாரேனும் ஒருவர் பிரித்துக் காட்டியிருந்தால், 'அட, நம் ஒளிச்சேர்க்கை!' என்று அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். 'குளோரோபில்' என்பது இலையின் பச்சை. அதைப் பச்சையம் என்று பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். இவை கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கிக்கொண்ட சொற்கள். ஆங்கிலேயனுக்கும் ஒருநாள் இவை புதியனவாகவே இருந்தன.

எனவே மதிப்பிற்குரிய விரிவுரையாளர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: புதிய கலைச்சொல் வரும்போது இரண்டே நிமிடம் ஒதுக்கி, அதன் வேரையும் தமிழையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். பாடம் அதனால் பின்தங்காது. கடைசி வரிசை முன்னே வரும்.

மாணவ நண்பர்களே! நூலகத்தில் அகராதியைப் புரட்டும்போது பொருளை மட்டும் குறித்துக்கொண்டு மூடிவிடாதீர்கள். அச்சொல் எந்த ஊரில் பிறந்தது, எந்தக் கப்பலில் ஏறியது என்றும் பாருங்கள். சில சொற்கள் ஏதென்ஸைச் சொல்லும், சில ரோமாபுரியைச் சொல்லும். ஒன்றிரண்டு உறையூரைச் சொல்லும். பூர்வீகம் தெரிந்த சொல்லை உருப்போடத் தேவையில்லை. தானே மனத்தில் தங்கும்.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்