வளவுக்குள் ஒரு சிறு காடு



2009 இல் போர் முடிந்து வன்னியில் மீளக்குடியேறிய குடும்பங்கள் பல, முதலில் செய்தது பற்றை வெட்டும் வேலையைத்தான். பாம்புப் பயமும் வெடிபொருட் பயமும் இருந்தன. அந்தப் பயம் நியாயமானது. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத காணிக்குள் ஒரு பிடி கீரைக்காகவும் கால் வைக்கக்கூடாது. ஆனால், பாதுகாப்பான வளவுகளிலும் எல்லாவற்றையும் வெட்டி எரித்தபோது கறியும் மருந்தும் சேர்ந்தே போய்விட்டன.

நான் சென்றுவரும் கிராமமொன்றில், கணவரை இழந்து மூன்று பிள்ளைகளுடன் வாழும் அக்கா ஒருவர் கிளுவை வேலியை மட்டும் வெட்ட விடவில்லை. “வேலி போனால் கீரையுமில்லை, மறைப்புமில்லை தங்கச்சி” என்றார். தனித்து வாழும் பெண்ணுக்கு மறைப்பு எவ்வளவு பெரிய காரியம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வேலியில் இப்போது முசுட்டையும் குறிஞ்சாவும் படர்ந்திருக்கின்றன. வறைக்கும் இலைக்கஞ்சிக்கும் அவர் கடைக்குப் போவதில்லை.

காட்டில் மரஞ்செடிகள் அடுக்கடுக்காக வளர்கின்றன. கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களும் அப்படித்தான். நமது வரண்ட மண்ணிலும் இதைச் செய்யலாம். உயரத்துக்குப் பனையும் வேம்பும். நடுவில் முருங்கை, தேசி, கறிவேப்பிலை. அவற்றின் கீழ் தவசி முருங்கை, ஆடாதோடை. கிணற்றடி ஈரத்தில் வல்லாரை, பொன்னாங்காணி. சருகை எரிக்காமல் மர அடியில் பரப்பினால் ஈரம் காயாது. ஒக்டோபரில் மாரி தொடங்கும்போது முருங்கைத் தடியையும் கிளுவைக் கதியாலையும் ஊன்றினால் தண்ணீர் சுமக்கும் வேலை குறையும்.

முருங்கையிலை வறையில் தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிடுங்கள். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது குறைந்துவிடும்.

மூலிகை என்பதால் எல்லோருக்கும் நல்லது என்று எண்ண வேண்டாம். ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது, கர்ப்பிணிகள் குடிக்கக்கூடாது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் குறிஞ்சாவையும் அதிகம் சேர்த்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். கிளினிக்கில் சொல்லிவிட்டே உண்ணுங்கள். சிறுநீரக நோயாளருக்குக் காமரங்காய் நஞ்சாகலாம். அவர்கள் அதைத் தொடவே வேண்டாம். பெயர் நிச்சயமாகத் தெரியாத இலையை எவரும் உண்ணக்கூடாது.

இலையைப் பார்த்தே பெயர் சொல்லும் அம்மம்மாமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த மாரிக்கு முன்னர் அவர்களில் ஒருவரை உங்கள் வளவுக்கு அழைத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை சுற்றி வாருங்கள். எதை வெட்டுவது, எதை விடுவது என்பதை அதன் பிறகு முடிவுசெய்யலாம்.