விளக்கு வந்த ஆண்டு மட்டும் போதுமா?

சென்ற பொங்கல் விழாவில் நம் மன்ற மேடையேறிய நண்பர் ஒருவர், கோலார் தங்கவயலின் பெருமையைப் பத்து நிமிடம் மழையெனப் பொழிந்தார். சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டது என்றார். பெங்களூர்த் தெருக்களுக்கு 1905இல்தான் வந்தது என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. நானும் தட்டினேன். தங்கவயலில் பிறந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? ஆயினும் விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டே வந்தது. எங்கள் ஊரின் வரலாறு 1902இல் தொடங்கி 1902இலேயே முடிந்துவிட்டதா?

ஏறத்தாழ 147 கிலோமீட்டர் காடும் மேடும் கடந்து வந்த அந்தக் கம்பி, அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்று. இயற்பியல் மாணவன் என்ற முறையில் அதற்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அது வந்தது ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்க இயந்திரங்களை ஓட்டுவதற்காக. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்த ஓடிவந்த நம் முன்னோர் குடியிருந்தது மூங்கில் தட்டி வீடுகளில். வீடு கம்பெனியுடையது, மருத்துவமனை கம்பெனியுடையது, காவற்காரனும் கம்பெனியின் ஆள். பேத்தமங்கலத்தில் தேக்கிய பாலாற்று நீர்தான் குடிநீர். (அதே பாலாறு வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் போகிறது என்று சொல்லிச் சொல்லி என் தாத்தா மகிழ்வார்.) துப்புரவைக் கவனிக்கச் சானிடரி போர்டு என்று ஒன்று இருந்தது, அதிலும் கம்பெனியின் கையே ஓங்கியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தை ஊர் என்பதா, பெரிய தொழுவம் என்பதா?

தொழுவம் ஊராக மாறியது எப்போது? என்னைக் கேட்டால் 1930 என்பேன். சுரங்கத் தொழிலாளர் அனைவரும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு பிறந்த ஆண்டு அது. தங்கத் திருடனைப் பிடிக்கவாம்! உழைக்க வந்தவன் ஒவ்வொருவனையும் குற்றவாளிபோல் நடத்தினால் பொறுப்பானா? சங்கம் வைக்கச் சட்டம் இடங்கொடாத அந்தக் காலத்தில், ஆயிரமாயிரம் பேர் வாரக்கணக்கில் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். பின்னர் 1946 நவம்பரில் நடந்த வேலைநிறுத்தத்தில் போலீஸ் துப்பாக்கிக்கு ஆறு தொழிலாளர் பலியாயினர். இவை கூலித் தகராறுகள் மட்டும்தானா? நகராட்சி மன்றத்தில் கைதூக்கும் உரிமை கிடைக்குமுன், எங்களை எண்ணுமுன் எங்களைக் கேள் என்று மக்கள் சொன்ன முதல் தீர்மானங்கள் இவை என்றே நான் கருதுகிறேன்.

அதற்கான சிந்தனையும் அங்கேயே விளைந்ததுதான். அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் எழுந்தன. அவர் மறைந்தபின், 1926 முதல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே 'தமிழன்' இதழை நடத்தினார். ஷிப்டு முடித்து வந்தவர்கள் அதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கையில் என் நெஞ்சு நிமிர்கிறது.

1956இல் சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962இல் மைய அரசிடம் போயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் பிறந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் எல்லாம் மூடப்பட்டது. நான் பிறந்தது அதற்குப் பின்னர்தான். சுரங்கச் சங்கு ஊதி நான் கேட்டதில்லை. விடியுமுன் பெங்களூர் ரயிலுக்கு என் தந்தை ஓடும் காலடி ஓசையைத்தான் கேட்டு வளர்ந்தேன்.

இன்னும் இரண்டு ஆண்டுகளைச் சொல்ல வேண்டும். 1965இல், எங்கள் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே வைத்த கருவிகளில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் சுவடு பதிந்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே ஆண்டில் கண்டார்கள். அதற்குமுன் உலகில் எவரும் கண்டதில்லை. இது என் பாடநூலில் இருக்கிறது. 2011இல், அதே ஊரில், மலக்குழியில் இறங்கிய மூன்று தொழிலாளர் மாண்டனர். இது எந்தப் பாடநூலிலும் இல்லை. எடுப்புக் கக்கூசையும் மனிதன் மலம் அள்ளுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993இலேயே வந்துவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத துகளைப் பாதாளத்தில் பிடித்த ஊரில், கண்முன்னே நின்ற கக்கூசு பதினெட்டு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லையா?

பட்டிருக்கும். ஆனால் அது யாருடையது என்பதில்தான் வழக்கு. சுரங்கக் குடியிருப்பு கம்பெனியின் நிலம், பேட்டை நகராட்சியின் நிலம் என்று வெள்ளைக்காரன் காலத்தில் விழுந்த கோடு, கம்பெனி போனபின்னும் அழியவில்லை. எங்கள் லைன் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்ட மழைக்காலத்தில் என் தாயார் ஓர் அலுவலகத்துக்குப் போனார். அவர்கள் இன்னொன்றைக் கைகாட்டினார்கள். அவர்கள் முதல் அலுவலகத்தையே திருப்பிக் காட்டினார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் மூங்கிற்கழி கொண்டு குத்தினோம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். எந்த லைனில் எத்தனை எடுப்புக் கக்கூசு இருந்தது, எந்த ஆண்டு இடிக்கப்பட்டது, அதில் வேலை செய்தவர்களுக்கு மாற்றுத் தொழில் என்ன கிடைத்தது என்ற கணக்கை, நகராட்சி வாசலில் எவரும் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். அதன் மேலே 1930, 1946, 2011 ஆகிய ஆண்டுகளும் இருக்கட்டும். ஊர் மானம் போகுமே என்று பெரியவர்கள் சிலர் வருந்துவார்கள்; என் தாத்தாவே வருந்தினார். மூவர் செத்த நாளில் போகாத மானமா எழுதி வைப்பதால் போகப்போகிறது, தாத்தா என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் காலையில், தனக்கு நினைவிருந்த லைன்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதித் தந்தார்.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அடுத்த பொங்கல் விழாவில் பேச மன்றச் செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன்.