மெப்ஸ் வாசலில் யாருக்கு வேலை?

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் ஏற்றுமதிக்கென்றே தொடங்கப்பட்டது மெப்ஸ் வளாகம். ரயிலைவிட்டு இறங்கி உள்ளே போகும் கூட்டத்தில் சிலர் தையல் எந்திரத்துக்கும் செக்கிங் மேசைக்கும் போகிறார்கள். சிலர் மென்பொருள் அலுவலகத்துக்குப் போகிறார்கள். இரு தரப்புக்கும் சோறு போடுவது வெளிநாட்டு ஆர்டர்தான். சம்பளம் மட்டும் ஏன் இத்தனை தூரம் விலகிப்போனது?

பழைய பொருளியல் பாடம் வேறு மாதிரி சொன்னது. 1941-இல் ஸ்டோல்பரும் சாமுவேல்சனும் எழுதிய கட்டுரையின்படி பார்த்தால், உழைப்பாளிகள் நிறைந்த நாடு வணிகத்தைத் திறந்துவிட்டால் சாதாரண உழைப்பாளியின் கூலிதான் உயர வேண்டும். ஆயத்த ஆடையைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. பெரிய படிப்பில்லாத பெண்கள் மாதச் சம்பளம் பார்த்தது அந்தத் தொழிலால்தான்.

ஆனால் 1990-களில் ஃபீன்ஸ்ட்ரா, ஹான்சன் என்ற இரு பொருளியலாளர்கள் மெக்சிகோவைப் பார்த்து இன்னொன்றைக் கவனித்தார்கள். அமெரிக்க நிறுவனம் வெளியே அனுப்பும் வேலை அமெரிக்காவில் திறன் ஏணியின் கீழ்ப்படி. வந்து சேரும் நாட்டில் அதுவே மேல்படி. அதனால் இரண்டு நாடுகளிலும் திறனுள்ளவருக்கே தேவை கூடுகிறது, சம்பள இடைவெளி விரிகிறது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபின் பழைய மகாபலிபுரம் சாலையில் நாம் கண்டதும் இதுதான். வெளிநாட்டு வங்கியின் கணக்கு வேலைக்கு இங்கே பட்டமும் ஆங்கிலமும் வேண்டும். அவை இல்லாதவருக்குக் கிடைத்தது செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேப் ஓட்டும் வேலை, பெரும்பாலும் கான்ட்ராக்ட். வீட்டு வாடகை மட்டும் எல்லோருக்கும் ஏறியது.

‘இறக்குமதியை நிறுத்தினால் இதெல்லாம் சரியாகிவிடும்’ என்பவர்களும் பொறுமையாக யோசிக்க வேண்டும். சீனாவிலிருந்து வரும் முழுப் பொருள் இங்குள்ள சிறு பட்டறையை அடிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாராவது இறக்குமதியான உதிரிபாகங்களைக் கொண்டுதான். அவற்றைத் தடுத்தால் முதலில் வேலை இழப்பது பட்டறைக்காரரின் போட்டியாளர் அல்ல, பிளஸ் டூ முடித்து அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்.

அந்த லைன் எவ்வளவு நிலையற்றது என்பதை நோக்கியா காட்டியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. பிறகு நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டிருந்ததால் இந்த ஆலை அதில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. எஞ்சினியர் தன் அனுபவத்தைக் காட்டி அடுத்த கம்பெனிக்குப் போகலாம். ஒரே ஸ்க்ரூவை வருடக்கணக்கில் முடுக்கிய பெண் எதைக் காட்டுவார்? வெளிநாட்டு வேலை வருவதா போவதா என்பதைவிட, வந்த வேலை தொழிலாளியின் கையில் எதை விட்டுச்செல்கிறது என்பதே முக்கியம்.

நிலமும் வரிச்சலுகையும் தரும் அரசு ஒரு நிபந்தனை வைக்கலாம். லைனில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் வேலை நேரத்திலேயே பயிற்சி, ஐ.டி.ஐ. படிப்புக்கு ஈடாக அரசு ஏற்கும் சான்றிதழ். அடுத்த ஒப்பந்தத்திலேயே இதை எழுதுங்கள்.